பல்லிமாவுப் பதம்

ஜூன் 9, திங்கள்

இது உரக்கடையில வருசா வருசம் சும்மா குடுக்கற டைரி. இத்தனை நாளா கட்டில்கால் ஆடாம முட்டுக்குடுத்துட்டு இருந்துச்சு. இன்னைக்கு உத்தியோகம் உசந்துருச்சு. நான் அஞ்சாவதோட நின்னவ, கோழி கெளறின எழுத்துத்தான் வரும்.

எழுதச் சொன்னது ரெஜினா. பக்கவாதம் வந்தவங்களுக்கு முழுங்கச் சொல்லித்தர்ற ஆஸ்பத்திரிப் பொண்ணு. "என்ன குடுத்தீங்க, முழுங்கினாரா, இருமினாரா, தினமும் எழுதி வைங்கம்மா"ன்னுச்சு. எங்க வீட்டுக்காரரு சென்னியப்பன், எனக்கு எப்பவும் மாமா, சனிக்கெழமை ஆஸ்பத்திரியில இருந்து தோப்புச் சாளை வீட்டுக்கு வந்துட்டாரு. வலது கையும் காலும் வேலைநிறுத்தம். பேச்சு வரலை. மூக்குல ஒரு குழாய், அதுவழியா பாலும் கஞ்சியும் வயித்துக்குப் போகுது. ஆனா தலை தெளிவு. நான் பேசறதெல்லாம் புரியுது. புரியறதாலதான் முறைக்கறாரு.

இன்னொருத்தியும் எழுதச் சொல்லியிருக்கறா. எங்க ஒரே பொண்ணு கோகிலா. பூச்சிப் படிப்புப் படிச்சவ, இப்ப பெங்களூருல ஆறு மாசப் பயிற்சி. அவ வளர்க்கற வண்டு ரெண்டு, சாமான் ரூமுல, அரிசி மூட்டைக்குப் பின்னால, என்ற பொறுப்புல இருக்குது. ஆம்பளை வண்டுக்குக் கொம்பு உண்டு, மினுமினுன்னு கருப்புக் காரு மாதிரி இருப்பான். மைனருன்னு பேரு வெச்சிருக்கறேன். கொம்பில்லாதது மைனர் பொஞ்சாதி.

இந்த வண்டுனாலதான் அப்பனும் மகளும் பேச்சை நிறுத்தினாங்க. தென்னந்தோப்புக்காரன் வீட்டுல கொம்பு வண்டு வளர்க்கறது, போலீஸ் வீட்டுல திருடனுக்குப் பாய் போடற மாதிரி. போன வருசம் புதுசா வெச்ச கன்னுல பாதியை வண்டு குருத்துலயே தின்னு சாய்ச்சுருச்சு. இவரு மரமேறி, குருத்துல கம்பி விட்டு வண்டை இழுத்து, ரெண்டு விரல்ல தலையைத் திருகிப் போடுவாரு. அந்த மனுசன் கிட்ட இவ டப்பாவைக் கொண்டாந்து காட்டறா.

"அப்பா, ஒருக்காக் கொம்பைப் பாருங்க. தென்னை வண்டுக்கு ஒத்தைக் கொம்பு. இதுக்கு நுனி ரெண்டாக் கவையாப் பிரியும். இது காட்டு வண்டு, நம்ம மரத்துக்கு வராது."

"கொம்பு இருக்குதல்ல? அப்ப வண்டு. வண்டை என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியும்."

அவரு பாக்கவேயில்லை. அவளும் சொல்லிக்காமப் பஸ் ஏறிட்டா. வண்டை அவ எடுத்துட்டுப் போயிட்டான்னு இவரு நெனச்சுட்டு இருக்கறாரு. அவ, அப்பா தோப்புல வேலையா இருக்கறாருன்னு நெனச்சுட்டு இருக்கறா. ரெண்டு பேருக்கும் நான் எதுவும் சொல்லலை. சொன்னா அவ பயிற்சியைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்துருவா. அதுவுமில்லாம, அப்பனைப் பத்திக் கேக்காதவளுக்கு நான் எதுக்குச் சொல்லோணும்.

மாமாவுக்குக் குழாயில பால். வாயில ஒண்ணுமில்லை. மைனருக்கு ஒரு மூடி. சாப்பிட்டான்.


ஜூன் 10, செவ்வாய்

மைனர் சாப்பாட்டைப் பத்தி எழுதலைன்னா சாமி கண்ணைக் குத்தும்.

அது பல்லிக்கு விக்கற மாவு. வெளிநாட்டுல பழம் திங்கற பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு வளர்க்கறாங்களாம். நம்ம வீட்டுலயும்தான் இருக்குது, வாடகை குடுக்காம. அந்தப் பல்லிக்குன்னு பழம், தேன், சத்து எல்லாம் அரைச்சுப் பொடியாக்கிப் பையில அடைச்சு விக்கறான். "வண்டுக்கும் அதே போதும்மா. பழம் வெச்சா ஒரு நாள்ல அழுகி ஈ மொய்க்கும். இதுன்னா தண்ணியில கொழைச்சு வெச்சா ரெண்டு நாள் தாங்கும்"னா கோகிலா.

பை மேல பல்லி படம். கண்ணை உருட்டிட்டு, நம்ம ஊரு பத்திர ஆபீஸ் கிளார்க்கு மாதிரி. சமையக்கட்டுப் பக்கம் அந்தப் படமே ஆகாதுன்னு, மாவைப் பழைய பிஸ்கட் டப்பாவுல கொட்டிட்டுப் பையை எரிச்சுட்டேன். நம்ம வீட்டுல எதுக்குமே டப்பா மேல பேரு கெடையாது. எங்க இருக்குதுங்கறதுதான் பேரு. மேல் தட்டுல மூணாவது மல்லித்தூள். கீழ் தட்டுல முன்னால இருக்கற பிஸ்கட் டப்பா மாமாவோட ஆஸ்பத்திரிச் சத்துப் பொடி. சாமான் ரூமு மூலையில பல்லிமாவு.

சோடா மூடியில ஒரு கரண்டி மாவு, தண்ணி தொட்டுத் தொட்டுக் கொழைக்கோணும். எறும்பு ஏறாம டப்பாவைத் தண்ணித் தட்டுல நிறுத்தோணும். நல்லாக் கனிஞ்ச பழ வாசம். எனக்கே நாக்குல தண்ணி ஊறுச்சு. மைனர் முகத்தை உள்ள விட்டுட்டு, பந்தியில முதல் வரிசை கெடைச்சவன் மாதிரி உக்காந்துட்டான்.


ஜூன் 12, வியாழன்

ரெஜினா வந்துச்சு. வாரம் ஒருக்கா வரும். சின்னப் பொண்ணு, ஸ்கூட்டி, முதுகுல பை. மாமாவை நிமிர்த்தி உக்கார வெச்சு, தாடையை நெஞ்சுக்குத் தாழ்த்தி, கரண்டியில முழுங்க வெக்கப் பாத்துச்சு. ஆஸ்பத்திரிச் சத்துப் பொடியில இன்னொரு பொடியைப் போட்டுக் கெட்டியாக்கறாங்க. தண்ணியா இருந்தா நெஞ்சுக்குப் போயி சளி கட்டிக்குமாம். ரொம்பக் கெட்டியா இருந்தா தொண்டையில நிக்குமாம்.

"கரண்டியைச் சாய்ச்சாத் தொபுக்குன்னு விழக்கூடாது. ஒழுகவும் கூடாதும்மா. மெதுவா வழுகி வரணும்."

"தோசை மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவாலன்னு சொல்லு கண்ணு. நாங்க வண்டுக்கே அப்படித்தான் கொழைக்கறோம்."

"எந்த வண்டுக்கு?"

மாமா திரும்பிப் பாத்தாரு. நான் குளவி கூடு கட்டற கதை ஒண்ணைச் சொல்லிச் சமாளிச்சேன்.

அவரு வாயைத் திறக்கலை. ரெஜினா கெஞ்சுச்சு, நான் திட்டினேன், மீசையை மழிச்சுருவேன்னு மிரட்டினேன். உதட்டை ஒட்டவெச்ச மாதிரி வெச்சுட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. செவுத்துல என்ன படம் ஓடுதோ.


ஜூன் 14, சனி

கோகிலா போன் பண்ணினா.

"வண்டு எப்படிம்மா இருக்குது?"

"மாப்பிள்ளை விருந்துதான். தின்னுட்டு மண்ணுக்குள்ள போயிப் படுத்துக்கறான். உங்கப்பன் மாதிரி மரமேறச் சொல்லி எந்திரிக்க வெக்க ஆளில்லை."

"அவரு…" ன்னா. அப்புறம் ஒண்ணும் கேக்கலை.

"தோப்புல இருக்கறாரு. மழைக்கு முன்னால உரம் வெக்கோணுமல்ல"ன்னேன். கேக்காமயே சொன்னேன். பொய் சொல்றதுல நான் இன்னும் கத்துக்குட்டிதான். கேட்டாத்தான் சொல்லோணும்.

குழாயில கஞ்சி. வாயில ஒண்ணுமில்லை.


ஜூன் 15, ஞாயிறு

அதேதான். மைனர் மட்டும் சாப்பிட்டான்.


ஜூன் 17, செவ்வாய்

மாமா இடது கையால குழாயைப் புடுங்கிட்டாரு. நான் பால் கறக்கப் போன நேரம். ஆஸ்பத்திரிக்குக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போயி மறுபடியும் போட்டுட்டு வந்தோம். போடறப்ப ரெண்டு பேரு புடிக்கோணும். ஒருத்தி நான்.

கைக்கு ஒரு துணிப்பை தைச்சுக் கட்டிவிடச் சொன்னாங்க. பழைய தலையணை உறையில தைச்சேன். பூப்போட்டது. கட்டறப்ப, "வளைகாப்புக்குக் கையை நீட்டற மாதிரி நீட்டுங்க மாமா"ன்னேன். நீட்டினாரு. அவ்வளவு சொன்ன பேச்சு கேக்கற ஆளே இல்லை அவரு.

மைனருக்கு வெக்க மறந்துட்டேன்.


ஜூன் 19, வியாழன்

எங்க நங்கையா மயிலாத்தா வந்துட்டாங்க. மாமாவோட அக்கா. மாமா பாக்கறதுக்கு மட்டும்தான் கறாரு, நங்கையா நெசமாலுமே கறாரு. வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "ஏண்டி துளசி, எறும்பு வரிசை போட்டு உள்ள போகுது, நீ பாத்துட்டு உக்காந்திருக்கறே"ன்னாங்க.

"வீடு தேடி ஒறம்பரை வர்றதைத் தடுக்கற பழக்கம் நம்ம வீட்டுல இல்லீங் நங்கையா."

"லொள்ளு மட்டும் கொறையலை உனக்கு. நீ தின்னியா?"

"ஆச்சுங்."

என்ற ஜாக்கெட்டைப் புடிச்சு இழுத்துப் பாத்தாங்க. தொளதொளன்னு இருந்துச்சு. தையக்காரி அளவு தப்பா எடுத்துட்டான்னு சொன்னேன். போன வருசம் தைச்சதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

நங்கையா இருக்கறவரைக்கும் சாமான் ரூமுக் கதவைச் சாத்தியே வெக்கோணும். அவங்க வீட்டுலயும் தென்னை. கொம்பைக் கண்டா வெளக்குமாத்துக்கு வேலை வந்துரும்.


ஜூன் 22, ஞாயிறு

இன்னைக்கு ரெண்டு தப்பு.

அவசரத்துல பல்லிமாவைத் தண்ணியாக் கொழைச்சு வெச்சுட்டேன். மைனர் அதுக்குள்ள உருண்டு, காலெல்லாம் பசையாகி, மல்லாந்து கெடந்தான். குழாய்த் தண்ணியில கழுவி, துணியில தொடைச்சு, மூச்சு இருக்குதான்னு காதுகிட்ட வெச்சுப் பாத்தேன். வண்டு மூச்சு விடற சத்தம் யாருக்குக் கேக்கும். ஆனா காலை ஆட்டினான்.

அடுத்தது மாமாவுக்கு. கொஞ்சம் தண்ணியா இருந்தா லேசா எறங்கும்னு நானா முடிவு பண்ணி, உதட்டு ஓரமா ஒரு கரண்டி சாய்ச்சேன். இருமல்னா இருமல், முகமெல்லாம் செவந்து, கண்ணு பிதுங்கி. நங்கையா வந்து முதுகைத் தட்டினாங்க. அப்புறம் என்னையும் தட்டினாங்க, வேற மாதிரி.

மைனரு கத்துக்குடுத்ததை மாமா கிட்டப் போறதுக்குள்ள மறந்துட்டேன். பதம் தப்பக்கூடாது. அதை இங்க எழுதி வெக்கறேன்.


ஜூன் 25, புதன்

ரெஜினா வெளிய கூட்டிட்டுப் போயிச் சொல்லுச்சு.

"அம்மா, மூக்குக் குழாய் ரொம்ப நாளைக்கு வெக்க முடியாது. ஜூலை பதினொண்ணு பெரிய டாக்டர் பாக்கறாங்க. அதுக்குள்ள வாயில சாப்பிட ஆரம்பிக்கலைன்னா வயித்துல ஓட்டை போட்டு நேராக் குழாய் வெப்பாங்க. அது பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனா…"

"ஆனா என்ன கண்ணு?"

"இவரு மாதிரி மனசு விட்டவங்க அதுக்கப்புறம் வாய்க்குத் திரும்பறது கஷ்டம். இவருக்குத் தொண்டை வேலை செய்யுதும்மா. எச்சில் முழுங்கறாரு. சாப்பிடத்தான் மாட்டேங்கறாரு."

உள்ள வந்து மாமா கிட்ட அப்படியே சொன்னேன். "வயித்துல வாசல் வெக்கப் போறாங்களாம். பேச்சும் இல்லை, சோறும் இல்லைன்னா அப்புறம் அந்த வாய் எதுக்கு? மீசையைத் தாங்கிப் புடிக்கவா?"

அவரு சிரிக்கலை. நான்தான் சிரிச்சேன்.

எனக்குச் சளி புடிச்சிருச்சு. மழை ஆரம்பிச்சதுனால. கண்ணு செவந்திருக்குதேன்னு நங்கையா கேட்டாங்க, சளின்னேன்.


ஜூன் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிடறேன். அப்புறம் யோசிச்சா மாத்தி எழுதிருவேன்.

காலையில மாமாவை உக்கார வெச்சேன். சமையக்கட்டுத் தட்டுல முன்னால இருந்த டப்பாவை எடுத்து, சத்துப் பொடி ரெண்டு கரண்டி, கெட்டிப்பொடி ஒரு சிட்டிகை, பதமாக் கொழைச்சேன். எனக்கு மூக்கு சுத்தமா அடைப்பு. கிண்ணத்தை மூஞ்சிக்கு நேரா கொண்டு போனேன்.

மாமா மூக்கை விரிச்சாரு. திரும்பிக் கிண்ணத்தைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. வாயைத் திறந்தாரு.

நாலு வாரமா இரும்புப் பொட்டியா இருந்த வாய். ஒரு கரண்டி வெச்சேன். தாடையைத் தாழ்த்தி முழுங்கினாரு. தொண்டை மேல ஏறி எறங்கறதைக் கண்ணால பாத்தேன். இருமவேயில்லை. இன்னொண்ணு. மறுபடியும் திறந்தாரு. அஞ்சு கரண்டி. நங்கையா வாசல்ல நின்னு முந்தானையை வாயில வெச்சுட்டுப் பாத்துட்டு இருந்தாங்க. பழனியாண்டவனுக்குக் காவடி எடுக்கறேன்னு அங்கயே வேண்டிட்டாங்க. எடுக்கப் போறது தம்பியாம், வேண்டிக்கறது இவங்களாம்.

சாயங்காலம் மைனருக்கு வெக்கப் போனா, மூலையில டப்பாவைக் காணோம்.

"நங்கையா, சாமான் ரூமுல ஒரு பிஸ்கட் டப்பா…"

"அதா? நல்ல மாவைக் கொண்டு போயி எலிக்குக் காட்டி வெச்சிருந்தே. நேத்துக் கூட்டறப்ப எடுத்துச் சமையக்கட்டுத் தட்டுல வெச்சேன். உன்ற பொடி டப்பாவை ஒதுக்கி உள்ள தள்ளிட்டேன்."

காலையில கொழைச்ச கிண்ணம் கழுவாமக் கெடந்துச்சு. அதை அவங்க மூக்குக்கு நேரா நீட்டினேன். "என்ன வாசம் அடிக்குதுங்?"

"வாழைப்பழ வாசம். ஏன்?"

ஒண்ணுமில்லீங்னு சொல்லிட்டு, கெணத்துப் பக்கம் போயி கோகிலாவுக்குப் போன் பண்ணினேன்.

"கண்ணு, அந்தப் பல்லிமாவை மனுசன் தின்னா என்ன ஆகும்?"

"எந்த மனுசன்?"

"சும்மா கேக்கறேன். பூனை தின்னுருச்சு."

"பூனையை மனுசன்னா சொல்லுவே? அம்மா, யாரு தின்னது?"

பூனை மேல பழியைப் போட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓடலாம்னு பாத்தேன். முடியலை. எல்லாத்தையும் சொன்னேன். காலையில காப்பி குடிக்கறப்ப சாய்ஞ்சது, ஆஸ்பத்திரி, குழாய், துணிப்பை, அஞ்சு கரண்டி.

"எப்ப சாய்ஞ்சாரு?"

"மே கடைசியில."

"நான் தினமும் வண்டு தின்னுச்சான்னு கேட்டுட்டு இருந்திருக்கறேன்."

"அதுவும் தின்னுச்சு கண்ணு."

அழுகறாளா, திட்டறாளான்னு தெரியலை. அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, படிச்ச பொண்ணு மாதிரி பேசினா. "அதுல பழம், முட்டைச் சத்து, வைட்டமின்தான் இருக்குது. அஞ்சு கரண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனக்கறேன். ஆனா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லு. மறைக்காதே."

மறைக்காதேன்னு சொன்னப்ப மட்டும் குரல் மாறுச்சு.

ரெஜினாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பொண்ணு டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்னு வெச்சுட்டு, திரும்பக் கூப்பிட்டுச்சு.

"வாந்தி, வயித்துப்போக்கு, காய்ச்சல் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இனிமே அதைக் குடுக்காதீங்க. சரி, இருமினாரா?"

"இல்லீங்."

"வாயைத் தானாத் திறந்தாரா?"

"வெளக்கெண்ணெய் போட்ட கதவு மாதிரி."

"அப்ப எது அவரைத் திறக்க வெச்சுதுன்னு பாருங்க. அதை நாம வேற வழியில குடுக்கலாம்."

அதுல என்ன பாக்கறதுக்கு இருக்குது. கல்யாணமான நாள்ல இருந்து, சோறு தின்னு எந்திரிக்கறப்ப ஒரு கதளிப்பழம் உரிச்சு வாயில போடாம அந்த மனுசன் கை கழுவினதில்லை. ஆஸ்பத்திரிப் பொடியில ஐஸ்கிரீம் வாசம். ஐஸ்கிரீமை அவரு குழந்தைங்க திங்கறதும்பாரு. எனக்கு இது தெரியாதா? தெரியும். தோணலை.


ஜூன் 29, ஞாயிறு

மாமா வயிறு நல்லா இருக்குது. நான்தான் ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு அவரு நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன்.

ரெஜினா சொன்ன மாதிரி கதளியை மசிச்சு, துணியில வடிகட்டி, கெட்டிப்பொடி போட்டுப் பதம் பாத்துக் குடுத்தேன். ஆறு கரண்டி.


ஜூலை 1, செவ்வாய்

கோகிலா வந்துட்டா. விடியக்காலைப் பஸ். பையை வாசல்லயே போட்டுட்டு நேரா கட்டில்கிட்டப் போயி நின்னா. "அப்பா"ன்னா.

அவரு செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு.

இன்னைக்குப் பூரா வாயைத் திறக்கலை. கதளிக்கும் இல்லை. நான் கரண்டியோட நிக்கறேன், அவ பின்னால நிக்கறா, அவரு கண்ணை மூடிட்டு இருக்கறாரு. எச்சில் ஒழுகற வாயை மகள் பாக்கக்கூடாதுன்னு இருக்கும்னு நான் நெனக்கறேன். கோகிலா வேற மாதிரி நெனச்சா.

"இன்னும் என் மேல கோவம்மா அவருக்கு. நான் போயிடறேன்."

"போ. போயி மைனருக்குச் சோறு போடு. அவனாச்சும் உன்னைப் பாத்தாத் திறப்பான்."

பல்லிமாவைக் கொழைச்சுட்டு சாமான் ரூமுல தரையில உக்காந்திருந்தா. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.


ஜூலை 3, வியாழன்

இன்னைக்கும் கோகிலா இருக்கறப்பத் திறக்கலை. அவளை வாய்க்காப் பக்கம் அனுப்பிட்டுக் குடுத்தா ரெண்டு கரண்டி. பதினொண்ணாந் தேதி வந்துட்டே இருக்குது.

ரெஜினா வந்து, கையில இருந்த துணிப்பையை எடுத்துரலாம்னுச்சு. எடுத்தேன். நல்ல பூப்போட்ட துணி, வீணாக்கக்கூடாதுன்னு மடிச்சு வெச்சேன். அப்புறம் அடுப்புல போட்டுட்டேன்.


ஜூலை 6, ஞாயிறு

மைனர் தப்பிச்சுட்டான். கோகிலா மூடியைச் சரியா மாட்டலை. நாங்க அரிசி மூட்டையைப் புரட்டித் தேடிட்டு இருக்கறப்ப, நடு ரூமுல இருந்து நங்கையா கத்தற சத்தம்.

"வண்டு. வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. துளசி, வெளக்குமாத்தை எடு."

ஓடிப்போனா, மைனரு மாமா கட்டில்காலுக்குப் பக்கத்துல நடந்து போயிட்டு இருக்கறான், வரி வசூலுக்கு வந்தவன் மாதிரி. நங்கையா கையில ஒரு செருப்பு. கோகிலா பாஞ்சு போயி தரையில படுத்து ரெண்டு கையாலயும் மூடிட்டா.

"அத்தை, வேண்டாம். இது என்னுது."

"உன்னுதா? தென்னந்தோப்புல பொறந்த புள்ளை பேசற பேச்சா இது? உங்கப்பன் இத்தனை வருசமா எதைக் கொன்னான்னு தெரியுமல்ல?"

"ஏ…"

மாமா. சாய்ஞ்சதுல இருந்து அவரு வாயில அவ்வளவு சத்தம் வந்து நாங்க கேட்டதில்லை. அவரு இடது கையை நீட்டினாரு. உள்ளங்கை மேல பாத்து.

கோகிலா என்னைப் பாத்தா. அந்த ரெண்டு விரலு எப்படித் திருகும்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனா கேக்கறது அவங்கப்பன். எந்திரிச்சு, மைனரை எடுத்து, அவரு கையில வெச்சுட்டு, கண்ணை மூடிட்டா.

நான் மூடலை. பாத்துட்டு இருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதுகைப் புடிச்சுச்சு. மைனரு காலை ஒதைச்சான். மாமா அவனைக் கண்ணுக்கு நேராத் தூக்கினாரு. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாரு. கொம்பைப் பாத்தாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தேங்காயைத் தட்டிப் பாக்கற மாதிரி நிதானமாப் பாத்தாரு. ரொம்ப நேரம் ஆச்சு. நங்கையா செருப்பைக் கீழ போட்டுட்டாங்க.

அப்புறம் வண்டை நெஞ்சு மேல விட்டுட்டு, கையைக் கோகிலா பக்கம் நீட்டி, ரெண்டு விரலை விரிச்சுக் காட்டினாரு. கவைக்குச்சி மாதிரி.

"ஆமாப்பா"ன்னா அவ. "கவைதான். ரெண்டாப் பிரியுது."

அவரு தலையை ஆட்டினாரு. மைனரு அவரு பனியன் மேல ஏறி, தோள்பட்டையில நின்னான். சமையக்கட்டுக்குப் போயி கதளி மசிச்சு எடுத்துட்டு வந்தேன். கோகிலா கிண்ணத்தைப் புடுங்கிட்டா. அவளே கரண்டியை நீட்டினா.

திறந்தாரு. கிண்ணம் காலி.

நங்கையா மட்டும் இன்னும் சமாதானமாகலை. "அது ஏன் சட்டை மேல நிக்குது"ன்னு கேட்டுட்டே இருக்கறாங்க.


ஜூலை 8, செவ்வாய்

கதளி, கேப்பைக் கூழ், பருப்பு மசியல். எல்லாம் பதமாக் குடுத்தா எறங்குது. இருமல் ஒரே ஒருக்கா, அதுவும் நான் ஜோக்கு சொன்னதுனால. சாப்பிடறப்பச் சிரிக்க வெக்கக்கூடாதுன்னு கோகிலா எனக்குத் தடை போட்டுட்டா. நான் வாயைக் கட்டிட்டு இருக்கறது இதுதான் முதல் தடவை.

அப்பனும் மகளும் கதவை ஒருக்களிச்சுட்டு ஏதோ பயிற்சி பண்றாங்க. ரெஜினா சொல்லிக்குடுத்த உதட்டுப் பயிற்சியாம். நான் போனா நிறுத்திடறாங்க. அவரு மூஞ்சியில திருட்டு முழி. கேட்டா, "ஒண்ணுமில்லம்மா"ங்கறா. எனக்கே பொய்யா. அந்த வித்தை இந்த வீட்டுல யாரு கொண்டாந்தது.


ஜூலை 11, வெள்ளி

ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் ரூமுல நாங்க மூணு பேரு, ரெஜினா. டாக்டர் தொண்டையைத் தொட்டுப் பாத்தாரு, தண்ணிப் பதத்துல ஒரு கரண்டி, கூழ் பதத்துல ஒரு கரண்டி குடுத்துப் பாத்தாரு. தண்ணிக்கு லேசா இருமினாரு. கூழ் எறங்கிருச்சு.

"தண்ணி மட்டும் கெட்டியாக்கியே குடுங்க. மத்தபடி குழாய் வேண்டாம், எடுத்துரலாம்"ன்னாரு. நர்ஸம்மா வந்து மூக்குல இருந்து உருவினாங்க. ஒரு பாம்பு நீளம். மாமா மூக்கைத் தடவிப் பாத்தாரு, நெசமாவே போச்சான்னு.

டாக்டர் குனிஞ்சு, சத்தமா, செவிடனுக்குப் பேசற மாதிரி கேட்டாரு. "ஐயா, வீட்டுல என்ன சாப்பிட்டீங்க? அம்மா என்ன குடுத்தாங்க?"

நான் சொல்றதுக்கு வாயைத் திறந்தேன். கோகிலா என்ற கையைப் புடிச்சு அமுக்கினா.

மாமா என்னைப் பாத்தாரு. உதட்டைக் குவிச்சாரு. நெத்தியில நரம்பு பொடைச்சுச்சு. ஒவ்வொரு எழுத்தா, கல்லைப் பொரட்டற மாதிரி.

"பல்… லி… மா… வு."

"பல்லியா?"ன்னாரு டாக்டர்.

ரெஜினா திரும்பி ஜன்னலைப் பாத்து நின்னுச்சு, முதுகு குலுங்குது. கோகிலா கீழயே உக்காந்துட்டா. நான் மட்டும் நின்னுட்டு இருந்தேன். இத்தனை வருசமா அந்த மனுசனைக் கிண்டல் பண்ணினது நானு. மூணு நாளா கதவைச் சாத்திட்டுப் பழகி, பெரிய டாக்டர் முன்னால, என்ற மானத்தை வாங்கறாரு. வாய் ஒரு பக்கம்தான் போகுது. அந்த ஒரு பக்கத்துல அவ்வளவு சிரிப்பு.

டாக்டருக்கு எல்லாத்தையும் நான்தான் விளக்கிச் சொன்னேன். அவரு நம்பினாருன்னு தோணலை.

வர்ற வழியில பேக்கரியில நிறுத்தச் சொன்னேன். பசிக்குதுன்னேன். கோகிலா திரும்பிப் பாத்தா. ரெண்டு தேங்காய் பன்னு தின்னேன். அப்புறம் இன்னொண்ணு.


ஜூலை 13, ஞாயிறு

கோகிலா பெங்களூருக்குக் கெளம்பிட்டா. பயிற்சியில திரும்பச் சேத்துக்கறாங்களாம். போறதுக்கு முன்னால சமையக்கட்டுத் தட்டுல இருக்கற எல்லா டப்பாவுக்கும் பேரெழுதி ஒட்டிட்டா. பிஸ்கட் டப்பா மேல பல்லி படமே வரைஞ்சிருக்கறா, மீசையோட.

வண்டு டப்பா இப்ப மாமா கட்டில் பக்கத்துல, ஸ்டூல் மேல. சோடா மூடியில மாவை நான் கொழைக்கறேன், அவரு கரண்டியைச் சாய்ச்சுப் பதம் பாக்கறாரு. இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தின்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

மாமாவுக்குக் கேப்பைக் கூழ், கதளி. மைனருக்கும் பொஞ்சாதிக்கும் ஒவ்வொரு மூடி. எனக்கு நாலு தோசை.